கல் வைத்த இடம்

அரியலூர் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் எங்கள் அம்மாவுக்கு எப்போதும் ஐந்தாவது இடமோ ஆறாவது இடமோ கிடைத்துவிடும். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் களி கிண்டிக்கொண்டிருப்பாள். வரிசையில் இருப்பது ஒரு கல். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, வெள்ளை நிறம், ஒரு பக்கம் மட்டும் செம்மண் ஏறியிருக்கும். அதைக் கொண்டுவந்து வைத்தவர் பெரியம்மா.

பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. அம்மா வேலை பார்த்த பட்டறையில் கரி சலிக்கிற பெண்களுக்குத் தலைமையாக இருந்தவர். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் ஒன்று உண்டு. நான் எழுதினால், "என் பேரை எதுக்குடி காயிதத்துல ஏத்துன?" என்று சண்டைக்கு வருவார். அதனால் எழுதவில்லை.

ஆள் குள்ளம். நடை வேகம். மற்றப் பெண்கள் மடியில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார்கள். பெரியம்மா மடியில் ஏழெட்டுக் கற்கள் இருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் உண்டு. வெள்ளைக் கல் அம்மா. தட்டையான கறுப்புக் கல், காலில் புண் வந்து நடக்க முடியாத தையற்காரர் மனைவி. ஓட்டாஞ்சில் ஒன்று, அது அந்த வாரத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதோ அவளுக்கு.

உலகச் சண்டை நடந்த காலம் அது. எதற்கெடுத்தாலும் வரிசை. கடைக்காரருக்கும் அவருக்கும் வாரம் தவறாமல் வாக்குவாதம் நடக்கும்.

"கல்லுக்கெல்லாம் எண்ணெ ஊத்த முடியாது பெரியம்மா."

"கல்லுக்கு ஊத்துன்னு நான் கேட்டனா? கல்லுக்கு உடையவ வருவா. அவ டின்னுல ஊத்து."

"வரலைன்னா?"

"வரலைன்னா நீ என்னைத் திட்டு. வந்துட்டான்னா நான் உன்னைத் திட்டுவேன். சம்மதமா?"

கடைக்காரர் ஒருநாளும் சம்மதம் சொன்னதில்லை. கல்லுக்கு உடையவள் வந்துவிடுவாள் என்று அவருக்கும் தெரியும்.

ஒருமுறை ரயிலடியில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர், வரிசை நகர்ந்த அவசரத்தில் ஒரு கல்லைக் காலால் எத்திவிட்டார். பெரியம்மா கத்தவில்லை. உருண்டுபோன கல்லை எடுத்து, ஊதி, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "இந்த எடத்துக்காரி மாசமா இருக்கா. அவளை ஒதைச்ச மாதிரி ஆயிப்போச்சு. தொட்டுக் கும்புட்டுட்டு நில்லு" என்றார். அவ்வளவு பெரிய ஆள் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்தேன்.

இதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். சும்மா தூங்கிவிட்டு வருகிறவளுக்குக் கல் கிடையாது. "வர முடியாதவளுக்குத்தான் கல்லு. வர முடிஞ்சவ எந்திரிச்சு வரட்டும்" என்பார். ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவுக்கு எங்களோடு வண்டியில் வருவார். எங்களைப்போல் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் இல்லை அவர். ஆனாலும் தேர் வருகிற வழியில் நல்ல இடம் பார்த்து, நடக்க முடியாத கிழவிகளுக்காகக் கல் வரிசை போட்டுவிட்டு, தான் எங்கேயாவது பின்னால் நின்றுகொள்வார். முன்னால் நிற்பவர்கள் தலை மறைத்துத் தேரே தெரியாது. "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்பார்.

பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற புகையை ஒரு பெட்டியில் விட்டு வடிகட்டி, என்ஜினுக்கு அனுப்புவார்கள். அந்தப் பீப்பாயும் வடிகட்டிப் பெட்டியும்தான் எங்கள் பட்டறையில் செய்தார்கள். ஆண்கள் தகடு அடித்துப் பற்றவைப்பார்கள். பெண்கள் கரியை எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்துச் சலிப்பார்கள், தேங்காய் நாரைப் பிரித்து வடிகட்டிப் பெட்டியில் அடைப்பார்கள், துணிப்பை தைப்பார்கள். என் அம்மாவுக்கு நாரும் தையலும். அப்பா இல்லாத வீட்டில் அந்தத் தையலில்தான் நான் படித்தேன்.

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்தப் பெஞ்சியில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊர்ப் பள்ளியில் ஐந்து முடித்ததும், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு, காத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்குக் கடும் காய்ச்சல். என்னை விட்டு நகர முடியாமல் அம்மா பட்டறைக்குச் சொல்லி அனுப்பினாள். சேதி கேட்ட பெரியம்மா சல்லடையைப் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆறாம் வகுப்பு எது என்று கேட்டார். முதல் பெஞ்சியில் இரண்டு சிறுமிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கை, கால், கன்னம் எல்லாம் கரி.

சிஸ்டர் வந்து பார்த்துத் திகைத்துப்போனாராம். "நீங்க யாரம்மா?"

"நான் யாருமில்லைங்க. இது லூர்துன்னு ஒரு பொண்ணோட எடம். அதுக்குக் காய்ச்ச. வந்ததும் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"எப்ப வரும்?"

"காய்ச்ச எறங்குனதும் வரும்."

"அதுவரைக்கும் தினம் வந்து உட்காருவீங்களா?"

"நீங்க பேரை அடிக்கலைன்னு சொன்னா இப்பவே போயிடறேன். அடிப்பேன்னா உக்காந்துதானே ஆவணும்? நீங்க பாடத்தை நடத்துங்க. நான் பேச மாட்டேன்."

சிஸ்டர் சிரித்துவிட்டு, பெயரை அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். நான் நான்காம் நாள் போனபோது பெஞ்சியில் என் இடத்தில் பெரியதாக ஒரு கரித்தடம் இருந்தது. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் நான் அதைத் தேய்தேய் என்று தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை. அந்த வருடம் முழுதும் அதன் மேல்தான் உட்கார்ந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்த நாளும் உண்டு. ஒருதரம் பெரம்பலூரில் என் சின்னம்மா வீட்டுக்குப் போக அம்மா என்னைப் பெரியம்மாவோடு அனுப்பினாள். பஸ்ஸில் அவர் முதலிலேயே ஏறி இரண்டு இடம் பிடித்தார். ஒன்றில் தான் உட்கார்ந்தார். ஒன்றில் கல் வைத்தார். எனக்கு என்று நினைத்து உட்காரப் போனேன்.

"அது கைப்புள்ளக்காரி ஒருத்திக்கு. வர்றேன்னு சொல்லியிருக்கா. நீ நில்லு."

பஸ் கிளம்பிவிட்டது. அவள் வரவில்லை. நான் மூட்டையை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். கல் சொகுசாக உட்கார்ந்து வருகிறது. "அவதான் வரலையே பெரியம்மா" என்றேன். "சொல்லியிருக்காடி" என்றார். உட்கார நினைத்த இரண்டு பேரை முறைத்தே விரட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மைல் போனதும் ஒரு மேட்டில் ஏற முடியாமல் பஸ் நின்றது. கரிப் பஸ்ஸுக்கு இது வழக்கம். எல்லோரும் இறங்கினோம். கிளீனர் பீப்பாயைத் திறந்து நெருப்பைக் கிளறி, துருத்திச் சக்கரத்தைச் சுற்றினான். பெரியம்மா வடிகட்டிப் பெட்டியை எட்டிப் பார்த்து, "நாரு அடைச்ச லட்சணத்தைப் பாரு. இது நம்ம பட்டறைச் சாமான் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நெருப்புப் பிடித்துப் புகை வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ரோட்டில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்தாள். அவள்தான் கைப்பிள்ளைக்காரி.

"பாத்தியா? அவ சொன்ன மாதிரி வந்துட்டா. பஸ்ஸுதான் அவசரப்பட்டு முந்திக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கல்லை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

சண்டை முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. பஸ் முதலாளிகள் ஒவ்வொருவராகப் பீப்பாயைக் கழற்றி எறிந்தார்கள். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. எங்கள் பட்டறைக்குப் பின்னால் விற்காத பீப்பாய்கள் குவிந்தன. கோழிகள் அவற்றுக்குள் முட்டையிட்டன. அரை நாள் வேலை, பிறகு வாரத்தில் நான்கு நாள் வேலை என்று ஆனது.

எட்டாம் வகுப்பு தேறிய எனக்குத் திருச்சியில் ஆசிரியைப் பயிற்சிக்கு வரச்சொல்லித் திங்கட்கிழமைக்குக் கடிதம் வந்திருந்தது. அம்மாவும் கூட வந்து கைநாட்டு வைக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானமே இருவரும் ரயில் ஏறிவிட்டோம். அன்று சாயங்காலம்தான் பட்டறை மானேஜர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டியிருக்கிறார். அவர் அரியலூருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர். 

கரி வேலை இன்றோடு முடிந்தது, இனிமேல் பட்டறையில் பஸ்களுக்கு மெத்தை சீட்டும் ஸ்பிரிங் பட்டையும் செய்யப் போகிறோம் என்று சொன்னாராம். ஆண்களில் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கலாம். நார் அடைக்கவும் தைக்கவும் ஒன்பது பெண்கள் போதும். இருந்ததோ இருபத்திரண்டு பேர்.

"பேரைச் சொல்லிக் கழிக்க எனக்கு மனசு வரலை. திங்கக்கிழமை காலையில மணி அடிக்கிறப்ப வாசல்ல வரிசையில முன்னாடி நிக்கிற ஒம்பது பேருக்கு வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரியலூரில் வரிசை என்றால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நடந்ததை எங்களிடம் சொன்னவள் அஞ்சலை. ஆண்டிமடத்திலிருந்து இங்கே வாழ வந்தவள், இரண்டு பிள்ளைகள், புருஷன் ரங்கூனுக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் சொன்னது இதுதான்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக நின்றவர் பெரியம்மா. அவருக்குப் பின்னால் வெள்ளைக் கல். அதற்குப் பின்னால் ஏழு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் அஞ்சலை. மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். யாரும் கல்லை நகர்த்தவில்லை. மணி அடித்தது. மானேஜர் வந்து விரல் நீட்டி எண்ணினார்.

"இதென்ன கல்லு?"

"அது சவேரிங்க" என்றார்கள் நாலைந்து பேர். சவேரி என் அம்மா.

மானேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லை விட்டுவிட்டு எண்ணினால் அஞ்சலை ஒன்பதாவது ஆள். கல்லையும் சேர்த்து எண்ணினால் பத்தாவது. அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை.

"கல்லு வந்து நாரு பிரிக்குமாங்க? ரெண்டு புள்ளைங்களை வூட்ல தனியாப் போட்டுட்டு இருட்டுலேயே வந்து நிக்கிறேன். எனக்குத்தாங்க வேலை."

"நீ புள்ள பெத்தப்ப உனக்கும்தானேடி ஓட்டாஞ்சில்லு வச்சாங்க? அப்ப இனிச்சுதா?" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

"அப்ப மண்ணெண்ணெ. இப்ப சோறு" என்றாள் அஞ்சலை.

 எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா கல்லையும் அஞ்சலையையும் மாறிமாறிப் பார்த்தாராம். "அந்தக் கல்லை எடுத்துடுங்கம்மா, முடிஞ்சுது" என்று மானேஜர் மெதுவாகச் சொன்னார்.

"கல்லு என்னுதுதாங்க. எடம் என்னுது இல்லையே. சவேரி எடத்தை எடுத்துக் குடுக்க நான் யாரு?" என்றார் பெரியம்மா. பிறகு வரிசையை விட்டு ஓரடி தள்ளி நின்றார். "இந்த எடம் என்னுது. இதைக் குடுக்கலாம். வாடி அஞ்சலை, முன்னால வா. முந்தானையை இழுத்துச் சொருகு, நாரு வேலை."

அஞ்சலை நகரவில்லை. அவர்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறார்.

"நீங்க இல்லாம எப்படிம்மா?" என்றார் மானேஜர்.

"ஒம்பதுன்னு சொன்னவரு நீங்க. சரியா இருக்கா, எண்ணிக்கிங்க. அப்புறம் இன்னொண்ணு. சவேரி நாளைக்குத்தான் வருவா. மழை வந்தா கல்லு உருண்டு போயிடும். உள்ள கொண்டுபோயி அவ உக்கார்ற எடத்துல வச்சுடுங்க."

மானேஜர் இரண்டு கையாலும் கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனாராம். செவ்வாய்க்கிழமை அம்மா போனபோது தையல் பாயின் மேல் அது இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அம்மா அப்படியே பெரியம்மா வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். "எனக்கு வேணாம். நான் நின்னுக்கறேன். நீங்க போங்க" என்று அம்மா அழுதாள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதை அவள் சொல்லவே இல்லை. பெரியம்மாவே என்னைப் பார்த்து, "எடம் குடுத்தாங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"அப்புறம் என்ன? போடி போயி நாரைப் பிரி. அந்த மனுசனை மறுபடியும் மொதல்லேருந்து எண்ணச் சொல்றியா? பாவம், ஒருதரம் எண்ணுனதே அவருக்குப் பெரிசு."

வெளியே போன பெண்களில் நாலைந்து பேர் அறுவடை வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டு பேர் திருச்சிக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி இன்றுவரை அம்மாவோடு பேசுவதில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரியம்மா மட்டும் பதினைந்தாம் நாள் பட்டறைக்குப் போய், மானேஜரிடம் கோழி முட்டையிட்ட பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அஞ்சலையின் அண்ணன் ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக்கொட்டை அனுப்பினார். பீப்பாயைப் படுக்கப்போட்டு, அதில் கொட்டையை வறுத்து, உடைத்து, பெரம்பலூர் சந்தைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். நெருப்பு அவர் பேச்சைக் கேட்கும். வெளியே போனவர்களில் மூன்று பேர் அவரோடு சேர்ந்து உடைக்கிறார்கள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு அவர் கை மறுபடியும் கறுப்பாகிவிட்டது. "கரியாச்சும் கழுவுனா போச்சு" என்று அலுத்துக்கொள்வார். முகம் மட்டும் அலுத்துக்கொள்ளாது.

பயிற்சி முடித்து எனக்குப் பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் தோல்பை. அம்மா பஸ் ஏற்றிவிட வந்தாள். பெட்ரோல் பஸ். முதுகில் பீப்பாய் இல்லை. உள்ளே பச்சை ரெக்சின் போட்ட புதுச் சீட்டுகள். அம்மா ஏறி, முதல் சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "இது நான் தச்சது" என்று நடத்துநரிடம் சொன்னாள். பிறகு மடியிலிருந்து வெள்ளைக் கல்லை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தாள்.

"ஊர்க்கோடி நிறுத்தத்துல பெரியம்மா ஏறும். இன்னைக்குச் சந்தை. உக்காரச் சொல்லு."

சந்தை நாளானதால் பஸ் நிரம்பிவிட்டது. நான் அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன். ஊர்க்கோடியில் பெரியம்மா முந்திரி மூட்டையோடு ஏறினார். என்னையும் சேலையையும் தலைமுதல் கால்வரை பார்த்தார்.  "கஞ்சி ஜாஸ்தி" என்றார்.

"பெரியம்மா, இங்க உக்காருங்க."

"கல்லு இருக்குடி." குனிந்து பார்த்தார். "அட, இது உங்கம்மா கல்லு. அவ எங்க ஏறப் போறா?"

"அம்மா வரலை. உங்களுக்குத்தான் வச்சுட்டுப் போனாங்க."

"எனக்கா?" அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நான்தான் வந்துட்டனே. வர முடிஞ்சவளுக்கு எதுக்குடி கல்லு?"

 "இன்னைக்கு நீங்கதான் உக்காரணும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் தலைப்பாகைக்காரர் ஒருவர் சீட்டில் உட்காரப் பார்த்தார். "கல்லு இருக்கறது தெரியலை?" என்று பெரியம்மா அவரை அதட்டி விரட்டினார். தனக்கு வைத்த இடத்தை யாருக்கோ வைத்ததுபோல் காத்துக்கொண்டு அரை மைல் தூரம் நின்றே வந்தார்.

கடைசியில் நடத்துநர்தான் சொன்னார். "பெரியம்மா, இப்ப நீங்க உக்காரலைன்னா நான் உக்காந்துடுவேன். எனக்குக் கால் வலிக்குது."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில், அழுக்காகிவிடுமோ என்பதுபோல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் சாய்ந்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

"நாரு நல்லாத்தான் அடைச்சிருக்கா உங்கம்மா. இந்த ஓரத்துலதான் கொஞ்சம் கொறைச்சல். சொல்லிடு."

"சொல்றேன் பெரியம்மா."

ஜன்னல் வழியே காற்று வந்தது. எதிர்ப்பக்கம் முந்திரிக் காடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தேர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. சரி, இனிப் பெரம்பலூர் வரைக்கும் இப்படியே வருவார் என்று நினைத்தேன்.

கைப்பிள்ளைக்காரிக்காக முன்பு ஒருநாள் பஸ் நின்ற அந்த மேடு வந்தது. பெட்ரோல் பஸ் நிற்காமல் ஏறியது. பெரியம்மா மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல ஜன்னல் ஓரமாக நகர்ந்து, ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, காலியான பாதிச் சீட்டில் கல்லை வைத்தார்.

"யாருக்கு பெரியம்மா?"

"வழியில யாராச்சும் ஏறுவாடி."

"நான் நிக்கிறேனே!"

"உனக்கென்ன, நல்லா நிப்ப" என்றார்.

பெரம்பலூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.